கையைத் தூக்கி நிற்பவர்

நிலவறையில் இருந்தவர்கள் பதினான்கு பேர். அறிக்கை மட்டும் பதினைந்து என்றது.

ஒதில் பெர்ரூ அந்த எண்ணை அன்றைக்கு ஆறாவது முறையாகப் பார்த்தாள். 'இருப்பவர்கள் 15. கண்டறியப்பட்டவர்கள் 14. ஒருவர் விடுபட்டுள்ளார். பயிற்சி தோல்வி.' சிவப்புக் கட்டத்துக்குள் அந்த வரி மின்னி மின்னி அவள் உயிரை வாங்கியது. வெளியே கரூஜ் ஊரின் கூரைகள் மேல் நான்கு நாளாக இறங்கி உட்கார்ந்திருந்த மூடுபனி, நகரமாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை, மணி இன்னும் நாலாகவில்லை. அதற்குள் டிராம்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு போயின.

"லொயிக், மறுபடியும் பதினஞ்சு."

எதிர் மேசையில் லொயிக் டெஷ்னோ கம்பளிக் குல்லாயைத் தேடிக்கொண்டிருந்தான். புரோகிராம் எழுதுவதில் அவனைப்போல ஒருவன் கிடைக்கமாட்டான். ஆனால் வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு அவன் மனசு வீட்டுக்குப் போய்விடும், உடம்பு மட்டும்தான் நாற்காலியில் இருக்கும்.

"என் மெஷின்ல பதினாலுதான் காட்டுது, ஒதில்."

"உன் மெஷினையா திங்கக்கிழமை கர்னல்கள் தலையில மாட்டப்போறோம்?"

"நான் என்ன பண்ணட்டும்? நாடகக் குழுவுல இருந்து பதினாலு பேர் வந்தாங்க. பதினாலு பேரைத்தான் படம் எடுத்தோம். பதினாலு பேருக்கும் எனக்கும்தான் சாண்ட்விச் வாங்கினேன். பதினஞ்சாவதா ஒருத்தன் வந்திருந்தா எனக்குச் சாண்ட்விச் மிஞ்சியிருக்காது."

"அப்ப அந்த ஆளை அழிச்சுத் தொலை."

லொயிக் தேடுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்துச் சிரித்தான். "அழிக்க முடியாது. யாரு அழிக்கக் கூடாதுன்னு சொன்னது? மேசையைத் தட்டித் தட்டிச் சொன்னது யாரு?"

சொன்னது அவள்தான். அதுதான் எரிச்சலாக இருந்தது.

ஒதில் வழக்கறிஞர். போர்ச் சட்டம் அவள் தொழில். பதினோரு வருடம் ஒரு மனிதாபிமான அமைப்பில் உட்கார்ந்து, எங்கெங்கோ நடந்த சண்டைகளின் கோப்புகளைப் படித்தவள். கோப்பில் எப்போதும் ஒரே வாசகம் வரும்: 'ஆயுதம் இருப்பதாகத் தெரிந்தது.' அந்த வாசகத்துக்கு அடியில் துணி துவைக்கும் தொட்டியோடு ஒரு பெண் செத்துக் கிடப்பாள், சைக்கிள் பம்ப்போடு ஒரு பையன் கிடப்பான். சுட்டவனும் போர்ச் சட்டம் படித்தவன்தான். எப்படிப் படித்தான்? நாற்பது படங்களைத் திரையில் ஓட்டிக் காட்டுவார்கள், கடைசியில் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிப் பத்துக் கேள்வி. பாதிப் பேர் தூங்குவார்கள், மீதிப் பேர் பக்கத்து ஆளைப் பார்த்து எழுதுவார்கள்.

அந்த வேலையை உதறிவிட்டு லொயிக்கோடு சேர்ந்து இதைத் தொடங்கி மூன்று வருடம் ஆகிறது. இதில் படமும் இல்லை, கேள்வியும் இல்லை. வீரன் மெய்நிகர்க் காட்சி காட்டும் ஹெட்செட்டைக் கண்ணில் மாட்டிக்கொண்டு முற்றுகையிடப்பட்ட ஒரு ஊரின் நிலவறைக்குள் இறங்கவேண்டும். உள்ளே பயந்துபோன மனிதர்கள் இருப்பார்கள். யார் எதிரி, யார் பொதுமக்கள், யார் சரணடைந்தவர் என்று நொடியில் முடிவெடுக்கவேண்டும். கடைசியில் அங்கே இருந்த ஒவ்வொரு உயிருக்கும் பதில் சொல்லவேண்டும். ஒருவர் விடுபட்டாலும் தோல்வி. திங்கட்கிழமை எட்டரைக்கு பெர்னிலிருந்து நான்கு அதிகாரிகள் வந்து தாங்களே மாட்டிப் பார்ப்பார்கள். பிடித்தால் ராணுவம் முழுக்க இதுதான் பாடம். பிடிக்காவிட்டால் பழையபடி நாற்பது படம், பத்துக் கேள்வி. இல்லாத ஒருவனைக் காணவில்லை என்று கர்னலைத் தோற்கடித்தால் எந்தக் கர்னலுக்குப் பிடிக்கும்?

பூட்டு விஷயம் வசந்தகாலத்தில் நடந்தது. முதல் வடிவத்தை ஒரு முகாமில் சோதித்துப் பார்க்கக் கொடுத்திருந்தார்கள். வாளியோடு குறுக்கே வரும் கிழவியைப் பையன்கள் சுட்டுச் சுட்டு மதிப்பெண் இழந்தார்கள். அங்கிருந்த சார்ஜென்ட் என்ன செய்தார் தெரியுமா, கிழவியையே காட்சியிலிருந்து நீக்கிவிட்டு எல்லோரும் தேர்ச்சி என்று அறிக்கை அனுப்பிவிட்டார். ஒதில் கொதித்துப்போனாள். பொதுமக்கள் என்று குறிக்கப்பட்ட யாரையும் யாராலும் நீக்க முடியாதபடி பூட்டு, நானே வந்து கெஞ்சினாலும் திறக்காத மாதிரி பூட்டு என்று லொயிக்கிடம் சொன்னாள். அவனும் சொன்னபடியே செய்துவைத்தான்.

"நெலைன்னு ஒரு கட்டம் இருக்குல்ல, அதுல அந்த ஆளுக்கு என்ன போட்டிருக்கு?" என்று கேட்டான் லொயிக், குல்லாயை ஒருவழியாகக் கண்டெடுத்து.

"ஒண்ணும் போடலை. காலியா இருக்கு."

"காலியா இருந்தா பொதுமக்கள். சந்தேகம்னா பொதுமக்கள். அதுவும் உன் சட்டம்தான், என் சட்டமில்ல." அவன் பையைத் தோளில் மாட்டினான். "ஞாயித்துக்கிழமை ராத்திரி வந்து மொத்தத்தையும் திரும்பக் கட்டறேன். இப்ப விடு. ஃப்ரிபூர்ல மாமியார் வீட்டுல ராக்லெட் விருந்து. லேட்டாப் போனா சீஸை விட்டுட்டு என்னை உருக்கிடுவாங்க."

"ஞாயித்துக்கிழமை கட்டி அதுல வேற எதாவது உடைஞ்சா?"

"நல்லதை நினையேன்மா, ஒரு தடவையாவது," என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான்.

நல்லதை நினைத்துக்கொண்டு ஒதில் இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தாள். பிறகு ஹெட்செட்டையும் கையில் பிடிக்கும் இரண்டு கன்ட்ரோலர்களையும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். அந்த ஆளை நேரில் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

ஊரில் எல்லாக் கட்டடத்துக்கு அடியிலும் இருப்பதுபோல இதற்கு அடியிலும் ஒரு பதுங்கறை இருந்தது. ஒரு சாண் தடிமனான கான்கிரீட் கதவு, விளிம்பில் கறுப்பு ரப்பர், உள்ளே மூலையில் கையால் சுற்றும் காற்று வடிகட்டி. போர் வராததால் எல்லோரும் அதில் பனிச்சறுக்குக் கட்டைகளையும் ஒயின் புட்டிகளையும்தான் பதுக்கிவைத்திருந்தார்கள். அவற்றையெல்லாம் அப்புறப்படுத்திவிட்டு அறையை வாடகைக்கு எடுத்து, செப்டம்பரில் லொயிக் சுவர் சுவராக ஸ்கேன் செய்தான். ஹெட்செட்டுக்குள் தெரியும் நிலவறை இதேதான், அங்குலம் பிசகாமல். உள்ளே தெரியும் சுவரைத் தொட நீட்டினால் கைக்கு நிஜச் சுவர் தட்டுப்படும். அவனுக்கு அதில் அப்படியொரு பெருமை.

பதுங்கறைக்கு முந்திய அறையில் துணி துவைக்கும் இயந்திரங்கள். சோப்புத்தூளும் சூடான துணியும் மணந்தன. கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் மதாம் ஃபொன்செக்கா, துவைக்கும் முறைப் பட்டியலைச் சுவரில் இருந்து பிய்த்து எடுத்துக்கொண்டிருந்தார். யாரோ தன் முறை வராமலே துவைத்திருப்பார்கள். அந்தக் கோபம் ஒதில் மேல் விழுந்தது.

"மதாம் பெர்ரூ, உங்க ஆளுங்ககிட்ட கொஞ்சம் சொல்லி வைங்க. நாலு மணிக்கு நான் கதவைப் பூட்டிட்டுப் போவணும். ஒருத்தர் உள்ளேயே நின்னுட்டிருந்தா நான் எப்படிப் பூட்டறது?"

"எங்க ஆளா? யாரு?"

"எனக்கெப்படித் தெரியும்? செவுத்தைப் பாத்து நிக்கிறாரு. ரெண்டு தரம் மெஸ்யே, மெஸ்யேன்னு கூப்பிட்டேன், திரும்பக்கூட இல்ல. அந்தக் கருமத்தைக் கண்ணுல மாட்டிக்கிட்டா உங்களுக்கெல்லாம் காதும் போயிடும் போல."

லொயிக்தான். வேறு யார்? ரயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் திருட்டுத்தனமாகக் கீழே வந்து பிழையைத் தேடிக்கொண்டிருக்கிறான். ஒதிலுக்கு அவன்மேல் இருந்த கோபம் பாதி இறங்கிவிட்டது. சிரித்துக்கொண்டே அவனுக்குப் போன் போட்டாள். மணி உள்ளே அடிக்கும் என்று கதவுப் பக்கம் காதைக் கொடுத்தாள். உள்ளே எதுவும் அடிக்கவில்லை.

"சொல்லு ஒதில்." பின்னணியில் ரயில் தடதடத்தது.

"நீ எங்க இருக்கே?"

"ரயில்லதான். இப்பதான் கிளம்புது. ஏன்?"

"கீழே யாரோ நிக்கிறதா மதாம் ஃபொன்செக்கா சொல்றாங்க."

"மீட்டர் பாக்க வந்தவனா இருக்கும். இல்ல, அந்தம்மா மதியமே ஒரு கிளாஸ் ஊத்தியிருப்பாங்க. ஒதில், வீட்டுக்குப் போ. சூப் குடி. தூங்கு."

அவள் போனை வைத்தபோது மதாம் ஃபொன்செக்கா மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தார். "நீங்களே பூட்டிக்கங்க," என்ற குரல் மட்டும் மேலேயிருந்து வந்தது. அவர் வீட்டுக் கதவு அறைந்து சாத்தும் சத்தமும் கேட்டது.

பதுங்கறையில் யாரும் இல்லை. விளக்கு சுவிட்சைத் தட்டிவிட்டு ஒதில் நான்கு மூலையையும் பார்த்தாள். சாம்பல் நிறச் சுவர், தரையில் லொயிக் ஒட்டிய மஞ்சள் நாடாக்கள், காற்று வடிகட்டியின் கைப்பிடி. கான்கிரீட்டும் பூஞ்சையும் ரப்பரும் கலந்த குளிர்ந்த வாசனை. வடிகட்டிக்குப் பின்னால் தரை கொஞ்சம் ஈரமாக இருந்தது. துவைக்கும் அறையிலிருந்து ஒழுகியிருக்கும். அதற்கும் திங்கட்கிழமைக்குள் ஆள் கூப்பிடவேண்டும். எல்லாம் இவள் தலையில்தான் விடியும். பக்கத்து அறை இயந்திரம் கடகடவென்று சுழல ஆரம்பித்ததால், கான்கிரீட் கதவைத் தோளால் தள்ளிச் சாத்திவிட்டு அவள் ஹெட்செட்டை மாட்டினாள்.

எண்ணெய் விளக்கின் மஞ்சள் ஒளியில் நிலவறை எழுந்து வந்தது. தூரத்தில் எங்கோ குண்டு விழும் முணுமுணுப்பு, கூரையிலிருந்து பொடிப்பொடியாக உதிரும் காரை, ஒரு குழந்தையின் இருமல், கம்பளிக்குள் யாரோ பிரார்த்தனை போல எதையோ சொல்லிக்கொண்டே இருக்கும் சத்தம், இவையெல்லாம் வலது காதில் கேட்க, இடது காதை அவள் வழக்கம்போல மூடாமல் விட்டிருந்தாள். வாளிக் கிழவி இருந்தாள். ரொட்டியைச் சட்டைக்குள் ஒளித்த மனிதன், மடியில் சிறுமியோடு ஒரு தாய், கட்டுப்போட்ட காலோடு ஒரு இளைஞன் என்று பதினான்கு பேரும் சுவரோரம் உட்கார்ந்து அவளையே பார்த்தார்கள். அவள் கையில் துப்பாக்கி இருந்தது, அதனால் பார்த்தார்கள். ஆயுதம் யாரிடமோ அவர்மேல்தான் அவர்கள் கண் போகும், அவர் நகர்ந்தால் கண்ணும் கூடவே நகரும். அந்தப் பார்வை எப்படியிருக்கும் என்று வீரனுக்கு உறைக்கவேண்டும் என்பதற்காக லொயிக் ஒரு மாதம் உட்கார்ந்து செய்த வேலை அது.

காற்று வடிகட்டிக்குப் பின்னால், மூலையில், சுவரைப் பார்த்தபடி ஒருவர் நின்றிருந்தார். இரண்டு கைகளும் தலைக்கு மேலே தூக்கியிருந்தன.

ஒதில் உடனே ஹெட்செட்டை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தாள். வெறும் மூலை. மறுபடி இறக்கினாள். ஆள் இருந்தார்.

சாம்பல் நிற நீளக் கோட்டு, தோள்வரை நனைந்து கறுத்திருந்தது. தலைமுடி கழுத்தில் ஒட்டியிருந்தது. ஆணா பெண்ணா என்று முதுகை வைத்துச் சொல்ல முடியவில்லை. கைகள் சும்மா நிற்கவில்லை. முழங்கையிலிருந்து விரல்வரை சன்னமாக நடுங்கிக்கொண்டிருந்தன, வெகுநேரம் கையைத் தூக்கி வைத்திருப்பவருக்கு நடுங்குமே, அப்படி. அவளுக்குச் சட்டென்று நினைவு வந்தது. நடுக்கம் வேண்டும் என்று அவள் கேட்டபோது, அதற்கு நேரமில்லை என்று லொயிக் கைவிரித்துவிட்டான். இந்தக் காட்சியில் யாருக்கும் நடுக்கம் கிடையாது.

"திரும்புங்க," என்றாள். வீரர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் அதே வாசகம். "மெதுவாத் திரும்புங்க. உங்களை ஒண்ணும் செய்யமாட்டேன்."

ஆள் திரும்பவில்லை. முகம் காட்டாதவரைக் கண்டறிந்தவர் கணக்கில் சேர்க்க முடியாது. மூச்சு வாங்குவதுபோலக் கோட்டின் முதுகு ஏறி இறங்கியது.

பாவம் என்றுதான் முதலில் நினைத்தாள். அதை மறைக்கவேண்டியதில்லை. எத்தனை நாளாக இப்படிக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாரோ என்று ஒரு கணம் நெஞ்சு இளகியது. அடுத்த கணமே எதைப் பார்த்துப் பாவப்படுகிறோம் என்று தன்மேலேயே கோபம் வந்தது. இது ஒரு பிழை. ஸ்கேன் செய்தபோது ஏதோ நிழல் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. இந்த நிழலுக்காக மூன்று வருடத்தைக் குப்பையில் போடுவதா? திங்கட்கிழமை கர்னல் இங்கே நின்று, பதினான்கு பேரையும் பத்திரமாக வெளியே அனுப்பிவிட்டு, தோல்வி என்று பார்த்து, ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைக்கப்போகிறார். நாற்பது படம். பத்துக் கேள்வி. சைக்கிள் பம்ப்போடு இன்னொரு பையன்.

பயிற்சியாளருக்கான பட்டியலைக் காற்றில் திறந்தாள். கையிலிருந்த துப்பாக்கி மறைந்தது. பதினைந்தாவது வரி. பெயர் காலி. நிலை காலி, அதன் அடியில் சின்ன எழுத்தில் 'சந்தேகம். எனவே பொதுமக்கள்.' நீக்கும் பொத்தான் செத்துப்போய்ச் சாம்பல் நிறத்தில் இருந்தது. அழுத்தினாள். 'பொதுமக்களை நீக்க இயலாது.' மறுபடி அழுத்தினாள். 'பொதுமக்களை நீக்க இயலாது.'

"அறிவு கெட்டவளே," என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

நிலையை மாற்றலாம். அதற்குப் பூட்டு கிடையாது. அதைப் பூட்டவேண்டும் என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை. நிலைக் கட்டத்தைத் தொட்டதும் மூன்று சொல் விரிந்தது: பொதுமக்கள், சரணடைந்தவர், எதிரி வீரர். தூக்கிய கையோடு நிற்பவர் பொதுமக்களாக இல்லாவிட்டால் சரணடைந்தவர். முதல் வருட மாணவனுக்கும் தெரியும். ஆனால் சரணடைந்தவரையும் நீக்க முடியாது, அந்தப் பூட்டையும் போடச் சொன்னது அவள்தான். விரல் மூன்றாவது சொல்லின்மேல் நின்றது.

ஒரே ஒரு சொல். திங்கட்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து ஒழுங்காகச் சரிசெய்துகொள்ளலாம். யாருக்கு என்ன நஷ்டம்?

எதிரி வீரர்.

'காரணம்?' என்று கேட்டது பட்டியல். காரணம் சொல்லாமல் யாரும் நிலையை மாற்றக் கூடாது என்பதும் அவள் வைத்த விதி. கீழே நாலைந்து காரணம் தயாராக இருந்தது. அவளே எழுதியவை, கோப்புகளிலிருந்து எடுத்தவை. அதிகம் யோசிக்காமல் முதல் வரியைத் தொட்டாள்.

'ஆயுதம் இருப்பதாகத் தெரிந்தது.'

மூலையில் நடுக்கம் நின்றது.

கைகள் இறங்கின. வெகுதூரம் சுமந்துவந்த பாரத்தை ஒருவர் இறக்கிவைப்பதுபோல, மெதுவாக, தோள், முழங்கை, மணிக்கட்டு என்று ஒவ்வொன்றாக இறங்கி விலாவோரம் தொங்கின. தலை கொஞ்சம் பக்கவாட்டில் சாய்ந்தது. திரும்பப்போகிறது என்று தெரிந்தது. முகத்தைப் பார்க்க ஒதிலுக்குத் தைரியம் வரவில்லை. நீக்கும் பொத்தான் பச்சையாகியிருந்தது. அடிப்பதுபோல அதை அழுத்தினாள்.

மூலை காலியானது.

'இருப்பவர்கள் 14. கண்டறியப்பட்டவர்கள் 14. தேர்ச்சி.'

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது. மூன்று வாரத் தொல்லை, ஒரு சொல்லில் ஒழிந்தது. லொயிக்கிடம் சொல்லவேண்டும், இல்லை, சொல்லக் கூடாது, ராக்லெட் தின்றுகொண்டு சிரிப்பான். ஹெட்செட்டைக் கழற்றினாள்.

இருட்டு.

கீழ்த்தள விளக்குகள் தானாக அணைந்துவிடும், அஞ்சு நிமிடம்தான். சுவிட்ச் கதவுக்குப் பக்கத்தில், பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி. பக்கத்து அறை இயந்திரமும் நின்றுபோயிருந்தது. காதுக்குள் ரத்தம் ஓடுவது கேட்கும் அளவு அமைதி. போனை எடுத்தாள், படி இறங்கும்போது பார்த்த மூன்று சதவீதம் பாட்டரியும் தீர்ந்து கறுப்பாகக் கிடந்தது. பரவாயில்லை. இருட்டில் இந்த அறையில் நடக்க அவளுக்கு ஒரு வழி தெரியும். ஹெட்செட்டை மறுபடி மாட்டிக்கொண்டால் போதும், சுவரும் கதவும் அங்குலம் பிசகாமல் தெரியும். முன்பும் அப்படி நடந்து போயிருக்கிறாள்.

மாட்டினாள். எண்ணெய் விளக்கு. பதினான்கு பேர்.

யாரும் அவளைப் பார்க்கவில்லை.

அது சரிதான், அவள் கையில் இப்போது துப்பாக்கி இல்லை. ஆனால் பதினான்கு தலைகளும் மூலைப் பக்கம் திரும்பியிருந்தன. காற்று வடிகட்டிக்குப் பின்னால் இருந்த வெற்றிடத்தை வாளிக் கிழவி இமைக்காமல் பார்த்தாள். இன்னொரு பிழை. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று உடையும் என்று சொன்னோமே. "லொயிக், உன்னை..." என்று பல்லைக் கடித்தாள்.

கண்கள் நகர்ந்தன.

பதினான்கு ஜோடிக் கண்களும் ஒன்றாக, மெதுவாக, மூலையிலிருந்து இடப்பக்கமாக. சுவரோரமாக. மூடாத இடது காதில் ஒரு சத்தம் விழுந்தது. ஈரமான செருப்பு கான்கிரீட்டில் பதிந்து எடுபடும் சத்தம். ஒன்று. கொஞ்சம் கழித்து இன்னொன்று.

பட்டியலைத் திறந்தாள். விரல் வழுக்கியது. எதிரி வீரர்: 0. சரணடைந்தவர்: 0. மறுபடி படித்தாள். பூஜ்யம்தான்.

கண்கள் கதவருகே போய் நின்றன.

அவளுக்கும் கதவுக்கும் நடுவில் எதுவும் இல்லை. விளக்கொளி படிந்த வெறும் தரை. அதைத்தான் பதினான்கு பேரும் பார்த்தார்கள். சிறுமி தாயின் கழுத்தில் முகத்தைப் புதைத்தாள். அப்படியொரு அசைவை லொயிக் எழுதவில்லை. யாருமே எழுதவில்லை.

"மதாம் ஃபொன்செக்கா!" என்று கத்தினாள். கான்கிரீட் அந்தக் குரலை அப்படியே விழுங்கியது.

ஹெட்செட்டைக் கழற்ற நினைத்தாள். முடியாது. கழற்றினால் இருட்டு. இருட்டில் அது எங்கே என்று யார் காட்டுவார்கள்?

ஈரச் செருப்பு.

கண்கள் நகர்ந்தன. அவளை நோக்கி.

பின்வாங்கினாள். முதுகில் சுவர் இடித்தது. சில்லென்ற சுவர். ஓட இடமில்லை. மூளை மட்டும் ஓடியது, பதினோரு வருடப் பழக்கத்தில் சட்டப்பிரிவுகளைப் புரட்டிக்கொண்டு ஓடியது. பொதுமக்கள் தாக்கக் கூடாது. கையைத் தூக்கியவர் தாக்கக் கூடாது. எதிரி வீரருக்கு மட்டும் தாக்க உரிமை உண்டு. அந்த அனுமதியைக் கொடுத்தது யார்? அவள்தான். காரணத்தோடு.

ஈரக் கம்பளி நாறியது. ஹெட்செட்டில் நாற்றம் வராது.

ஒரு வழி இருந்தது. ஆயுதத்தைப் போடு. கையைத் தூக்கு. தெளிவாகத் தெரியும்படி. அதற்குமேல் தொட யாருக்கும் உரிமையில்லை.

இரண்டு கையிலும் இருந்த கன்ட்ரோலர்களை நழுவவிட்டாள். தரையில் விழுந்து உருண்டன. கைகளைத் தூக்கினாள். தலைக்கு மேலே, விரல்களை விரித்து.

"என்கிட்ட ஒண்ணும் இல்ல," என்றாள். "பாருங்க. கையைத் தூக்கிட்டேன். சரண்."

சத்தம் நின்றது.

பதினான்கு ஜோடிக் கண்களும் அவள்மேல் இருந்தன. இல்லை, அவள்மேல் இல்லை. அவள் முகத்துக்கு ஒரு சாண் முன்னால். கொஞ்சம் மேலே.

கன்னத்தில் ஒரு மூச்சு பட்டது. குளிர்ந்த மூச்சு.

நின்றாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கையைத் தூக்கியிருக்கும்வரை ஒன்றும் ஆகாது. தூக்கியிருக்கும்வரை. தோள் வலித்தது. முழங்கை வலித்தது. கை நடுங்க ஆரம்பித்தது, முதலில் விரல், அப்புறம் மணிக்கட்டு. இறக்கக் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டாள். இறக்கக் கூடாது. கண்ணீர் ஹெட்செட்டின் ரப்பருக்குள் தேங்கியது.

வாளிக் கிழவி தலையைக் குனிந்துகொண்டாள். ரொட்டிக்காரன் குனிந்துகொண்டான். ஒவ்வொருவராக, பதினான்கு பேரும், பார்க்க விரும்பாதவர்கள்போல முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்கள்.

அவளுடைய விரித்த உள்ளங்கைகளின்மேல் வேறு இரண்டு உள்ளங்கைகள் வந்து அமர்ந்தன. ஈரமாக. விரல்களுக்கு இடையே விரல்களை நுழைத்துக்கொண்டன. பிறகு, அவசரமே இல்லாமல், அவள் கைகளைக் கீழே இறக்கத் தொடங்கின.